புதுப்பிப்பு: ஸ்வீட் ஹோம் 3டி-யில் வெள்ளையாக வந்த மரத்தூண்

ஸ்வீட் ஹோம் 3டி என்ற வீட்டு வடிவமைப்பு மென்பொருளில், கீழக்கரை வீட்டு முகப்புக்கு எடுத்த முப்பரிமாணத் தூண் மாடல் வெள்ளையாகவும் குண்டூசி உயரத்திலும் வருகிறது என்று எழுதியிருந்தேன். இரண்டும் சரியாகிவிட்டன.

வெள்ளையாக வந்ததற்கு, மாடலின் ஓபிஜே (.obj) கோப்பை மட்டும் கொடுத்ததுதான் காரணம். அதில் வடிவம் மட்டுமே இருக்கும். நிறம் எம்டிஎல் (.mtl) கோப்பில், மரவரி தனிப் படத்தில். மூன்றையும் ஒரே ஜிப்பாக்கி மென்பொருளுக்குள் இறக்குங்கள். அப்போதும் வெள்ளை என்றால் எம்டிஎல்லை நோட்பேடில் திறந்து, படத்தைக் குறிக்கும் 'மேப்_கேடி' (map_Kd) வரியில், படத்தின் பெயருக்கு முன்னால் மாடல் செய்தவருடைய கணினியின் ஃபோல்டர் பாதை ஒட்டிக்கொண்டிருக்கிறதா பாருங்கள் (பெரும்பாலும் இருக்கும்). அதை அழித்துப் படத்தின் பெயரை மட்டும் விடுங்கள்.

உயரம் குறைந்ததற்குக் காரணம் வேறு: ஓபிஜேயில் அளவுக்கு அலகு கிடையாது. மென்பொருள் செ.மீ. என்றே எடுத்துக்கொள்வதால் 2.4 மீட்டர் தூண் 2.4 செ.மீ. ஆகிறது. இறக்கும்போதே விகிதம் மாறாதிருக்கும் பெட்டியை டிக் செய்து, உயரம் 240 போடுங்கள்.

கதவு, சன்னல் மாடல் என்றால், அது கதவு அல்லது சன்னல் என்று குறிக்கும் தனிப் பெட்டியையும் டிக் செய்யுங்கள். விட்டால் சுவரில் திறப்பு விழாது.