எஸ் மரபணு ‘விடுபாடு’: ஒரு கலைச்சொல் முன்மொழிவு

அன்புள்ள நண்பர்களுக்கு, காரைக்குடியிலிருந்து வணக்கம்.

கொரோனா சோதனையில் எஸ் மரபணு மட்டும் தென்படாமல் போவதை ஆங்கிலத்தில் ‘எஸ் ஜீன் டார்கெட் ஃபெய்லியர்’ என்கிறார்கள். இந்த ‘டார்கெட் ஃபெய்லியர்’ என்பதற்கு மதுரை நண்பர் அவர்கள் முன்வைத்த ‘இலக்குத் தோல்வி’ எனக்கு ஒப்பவில்லை. சொல்லுக்குச் சொல் சரிதான். ஆனால் சோதனையே தோற்றுவிட்டது, சளி மாதிரியை மறுபடி எடுக்க வேண்டும் என்றே படிப்பவர் கொள்வார். நடப்பதோ வேறு. டாக்பாத் ஆர்டி-பிசிஆர் சோதனை கொரோனா வைரஸில் ஓஆர்எஃப்1ஏபி, என், எஸ் என்னும் மூன்று இடங்களைத் தேடுகிறது. ஒமிக்ரான் திரிபின் பிஏ.1 வகை வந்தபோது கணினித் திரையில் இரண்டு கோடுகள் வழக்கம்போல் வளைந்து மேலேற, எஸ் கோடு மட்டும் தரையோடு தரையாகக் கிடந்தது. எஸ் மரபணு உருவாக்கும் கூர்ப்புரதத்தின் (ஸ்பைக்) 69, 70ஆம் அமினோ அமிலங்களுக்கு உரிய பகுதி அதில் இல்லை என்பதே காரணம். அதுவரை பரவியிருந்த டெல்டாவில் எஸ் கோடு ஏறும். ஆகவே மரபணுத் தொகுதி முழுவதையும் வரிசைப்படுத்த ஆகும் நாட்களுக்குக் காத்திராமல், இது ஒமிக்ரானாக இருக்கலாம் என்று சில மணி நேரத்திலேயே துப்புக் கிடைத்தது. 2021 டிசம்பரில் அமைச்சர் மா. சுப்பிரமணியன் ‘எஸ் ஜீன் டிராப்’ என்று செய்தியாளர்களிடம் சொல்லிவந்தது இதைத்தான்.

‘எஸ் விடுபாடு’ என்பது என் முன்மொழிவு. எங்கள் பக்கம் கோயில் புள்ளிக் கணக்கில் (கோயிலைச் சேர்ந்த குடும்பங்களின் பதிவேடு) ஒரு பெயர் விடுபட்டிருந்தால், ஏடு பிழை என்று ஒதுக்க மாட்டார்கள். அந்த வீட்டில் என்ன நடந்தது என்று விசாரிப்பார்கள். இங்கும் இல்லாததே செய்தி.

வைரஸின் மரபணுவில் நேர்ந்த இழப்பையும் இதே சொல்லால் குறிக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். கூடாது. சொற்கள் சேரும்போது எழுத்தில் நேரும் விகாரத்தை நன்னூல் தோன்றல், திரிதல், கெடுதல் என மூன்றாக வகுப்பது மரபணுவுக்கும் அப்படியே பொருந்துகிறது. அங்கும் எழுத்துகள் புகுகின்றன, மாறுகின்றன, விழுகின்றன. அந்தக் கணக்கில் 69-70 இழப்பு ‘கெடுதல்’. (அறிக்கையில் அப்படி எழுதினால் நோயாளி பயந்துவிடுவார், ஆகவே ‘நீக்கம்’ போதும்.) நீக்கம் வைரஸில், விடுபாடு சோதனை முடிவில் என்று பிரித்தே ஆள வேண்டும்.

‘ஒமிக்ரான் காட்டி’ என்ற பரிந்துரையை அடியோடு மறுக்கிறேன். ஆல்ஃபாவிலும் எஸ் விடுபட்டது, ஒமிக்ரானின் பிஏ.2 வகையிலோ பெரும்பாலும் விடுபடவில்லை. திரிபின் பெயரைக் கலைச்சொல்லில் கட்டிவைத்தால் அடுத்த அலையிலேயே அது பொய்யாகிவிடும்.

ஆய்வகப் பதிவேட்டில் எழுதிப் பார்த்தேன்: “தொற்று உறுதி; எஸ் விடுபாடு உண்டு; வரிசைப்படுத்த அனுப்புக.” கட்டத்துக்குள் அடங்குகிறது.