புதுப்பிப்பு: சத்தம் குறைத்தால் கரகரக்கும் ஆம்ப்

கிளாஸ் ஏபி ஆம்ப்பில் (அலையின் மேல்பாதியை ஒரு டிரான்சிஸ்டரும் கீழ்ப்பாதியை இன்னொன்றும் தள்ளும் ஆம்ப்ளிஃபையர்) சத்தம் கூட்டினால் நன்றாக இருக்கு, குறைத்தால் புல்லாங்குழல் கரகரக்குது என்று கேட்டிருந்தேன். பயாஸை (சிக்னல் இல்லாதபோதும் அந்த டிரான்சிஸ்டர்களில் ஓடவிடும் சிறு மின்னோட்டம்) பார்க்கச் சொன்னவர்களுக்கு நன்றி, கோளாறு அதுவேதான். அந்த மின்னோட்டத்தை அளக்க உதவும் 0.22 ஓம் எமிட்டர் ரெசிஸ்டரில் 3 மில்லிவோல்ட்தான் இருந்தது. ஹீட்சிங்க் சூடேறவிட்டு 22-க்கு ஏற்றினேன், அதாவது 100 மில்லியாம்பியர். ஆசிலோஸ்கோப்பில் சைன் அலை பூஜ்யத்தைக் கடக்குமிடத்தில் தெரிந்த படிக்கட்டு போன்ற மடிப்பு, அதாவது கிராஸ்ஓவர் டிஸ்டார்ஷன் (ஒலித்திரிபு), போயே போச்சு.

"வால்வு ஆம்ப்பில் டிஸ்டார்ஷன் இதைவிட அதிகம், ஆனா இனிமையா இருக்கே?" என்று கேட்டவருக்கு: சிங்கிள் எண்டட் வால்வில் (முழு அலையையும் ஒரே வெற்றிடக் குழாய் தள்ளுவது) ஓங்குவது இரண்டாம் ஹார்மோனிக், அதாவது மூல சுரத்தின் இரு மடங்கு அதிர்வெண். ஒரு ஸ்தாயி மேலே அதே சுரம், ஒட்டிக்கொள்ளும். கிராஸ்ஓவரில் வருவது 5, 7, 9 என ஒற்றைப்படை ஹார்மோனிக்குகள், காதைக் குத்தும். சத்தம் குறையக் குறைய அதன் விகிதமும் ஏறும். முழு பவரில் அளந்த டிஎச்டி (மொத்த ஹார்மோனிக் டிஸ்டார்ஷன்) எண்ணில் இதெல்லாம் தெரியாது.