பழைய சி நிரலில் வரையறைக்குத் தாவ முடியவில்லை

கேள்வி: 1990களில் எழுதப்பட்ட சி மூலநிரலைப் பராமரிக்கிறேன். விம் உரைத்திருத்தியில், நிரலில் பெயர்களைத் தேடித் தரும் சிஸ்கோப் கருவி வழியாகத் தேடினால், உட்கோப்புறைகளில் உள்ள செயற்கூறுகள் எவையும் அகப்படுவதில்லை. காரணம் என்னவாக இருக்கும்?

பதில்: சிஸ்கோப் இயல்பாக நடப்புக் கோப்புறையை மட்டுமே பார்க்கும். ஆகவே, கோப்புகளைத் தேடும் ஃபைண்ட் கட்டளையால் முழுப் பாதைகளுடன் கோப்புப் பட்டியலை உருவாக்கி, 'சிஸ்கோப்.ஃபைல்ஸ்' என்ற பெயரில் சேமித்துத் தரவுத்தளத்தை மீண்டும் கட்டுங்கள். நடப்புக் கோப்புறையைப் பொறுத்த சார்புப் பாதைகளை வைத்தால், வேறு இடத்திலிருந்து திறக்கும்போது கோப்புகள் கிடைக்காமல் போகும்.

கேட்டவர்: கிடைத்துவிட்டன, நன்றி. ஆனால் மேக்ரோவால் (தொகுப்புக்கு முன் வேறு நிரலாக விரியும் சுருக்கப்பெயரால்) அறிவிக்கப்பட்ட செயற்கூறுகள் இன்னும் தென்படவில்லை.

மற்றொரு பதில்: சிஸ்கோப், மேக்ரோக்களை விரிக்கும் முன்செயலியை இயக்காமல் மூலத்தை உள்ளபடியே வாசிப்பதால், மேக்ரோ விரிந்தபின் உருவாகும் பெயர்கள் அதற்குத் தெரியாது. இதேபோல் வரையறைகளைப் பட்டியலிடும் மற்றொரு கருவியான யுனிவர்சல் சிடேக்ஸில் '-D' விருப்பத்தேர்வால் மேக்ரோவின் வரையறையைச் சொல்லிக்கொடுக்கலாம். உங்கள் கணினியில் இருப்பது அதன் முன்னோடியான, 2009இல் வெளிவந்த எக்ஸுபரன்ட் சிடேக்ஸ் 5.8 அல்ல என்பதை முதலில் உறுதிசெய்யுங்கள். அதில் இவ்வசதி கிடையாது, நான் ஒருநாள் முழுக்க அதனுடன் மல்லுக்கட்டியிருக்கிறேன்.