மூன்று இலையா, நாலு இலையா? அயர்லாந்து விழா ஆர்டரில் மாட்டிக்கொண்டேன்

கொலுசுப் பட்டறை, சிவதாபுரம்:

வணக்கம். சேலம் சிவதாபுரத்தில் சின்னதாக ஒரு வெள்ளிப் பட்டறை. அப்பா காலத்திலிருந்து கொலுசுதான், வேறு எதுவும் தெரியாது.

போன மாதம் பெங்களூரில் விழாக்கள் எடுத்து நடத்தும் ஒருவர் கூப்பிட்டார். மார்ச் 17 அயர்லாந்துக்காரர்களின் தேசியத் திருநாளாம், பேட்ரிக் என்கிற மகானின் பெயரில். அங்கே ஒரு ஓட்டலில் அயர்லாந்துக் கம்பெனிக்காரர்களையும் நம்மூர் வியாபாரிகளையும் கூட்டி விருந்து வைக்கிறார்களாம். வருகிறவர்கள் சட்டையில் குத்திக்கொள்ள 60 வெள்ளிப் பின் வேண்டும், பச்சை எனாமல் போட்டு. "அயர்லாந்து இலை" என்று மட்டும் சொன்னார். படம் கேட்டால், "நெட்டில் இருக்கிறதே" என்றார்.

மச்சினன் மகன் போனில் தேடிக் காட்டியதைப் பார்த்து அச்சு வெட்டினேன். மாதிரிக்கு 12 உருப்படி போட்டு அனுப்பினேன். அப்படியே திரும்பி வந்துவிட்டது. இலை நாலு இருக்கிறதாம், மூன்றுதான் இருக்க வேண்டுமாம். அச்சுக்கூலி என் தலையில்.

இரண்டு சந்தேகம். அந்த ஒரு இலையில் அப்படி என்ன இருக்கிறது? அப்புறம், என்னையும் விருந்துக்கு வரச் சொல்கிறார்கள். போனால் ஆர்டர் கிடைக்குமா, இல்லை சாப்பிட்டுவிட்டு பஸ் ஏற வேண்டியதுதானா?

ஆத்தூர்ப் பொண்ணு, கால்வே:

அண்ணா, நான் அயர்லாந்தில் நர்ஸ். படித்ததும் சிரித்துவிட்டேன், மன்னித்துவிடுங்கள்.

அது ஷாம்ராக். மூன்று இலைதான். கடவுள் ஒருவரே, ஆனால் தந்தை, மகன், தூய ஆவி என்று மூவர் என்பதைப் புரியவைக்க பேட்ரிக் அந்த இலையைக் கிள்ளிக் காட்டினார் என்பது இங்கே வழிவழியாகச் சொல்லும் கதை. நம் சிவன் கோவில் வில்வத்தில் நாலாவது இலையை ஒட்டவைத்தால் குருக்கள் என்ன சொல்வார்? அதேதான். நாலு இலை என்பது அதிர்ஷ்டத்துக்கு வைத்துக்கொள்ளும் வேறு சமாச்சாரம், நெட்டில் இரண்டும் கலந்து கிடக்கும். இன்னொன்று, அரசாங்கச் சின்னம் ஷாம்ராக் கூட இல்லை, யாழ் மாதிரி இருக்கும் ஹார்ப்.

1903லிருந்து இங்கே இது அரசு விடுமுறை. இன்றைக்குக் குடிக்கிற நாள் என்றுதான் உலகத்துக்குத் தெரியும். ஆனால் 1920களில் சட்டம் போட்டு, முப்பது வருடத்துக்கு மேல் அன்றைக்கு மதுக்கடைகளை மூடியே வைத்திருந்தார்கள். எங்கள் வார்டில் ஒரு பாட்டி, "அன்றைக்குப் பூசைக்குப் போய்விட்டு வீட்டில் உட்கார்ந்திருப்போம், அவ்வளவுதான்" என்பார். ஊர்வலம், பச்சை ஆறு எல்லாம் வெளிநாடு போன அயர்லாந்துக்காரர்கள் பெரிதாக்கியது. 1840களின் உருளைக்கிழங்குப் பஞ்சத்தில் பத்து லட்சம் பேர் செத்து, இன்னொரு பத்து லட்சம் பேர் கப்பல் ஏறிய நாடு இது. நியூயார்க்கில் ஊர்வலம் அதற்கும் முன்பே, 1762லேயே தொடங்கிவிட்டது. சிகாகோக்காரர்கள் 1962லிருந்து ஆற்றுக்கே பச்சைச் சாயம் போடுகிறார்கள்.

உங்கள் இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். இந்தத் திருநாளைத்தான் அயர்லாந்து அரசு கெட்டியாகப் பிடித்துக்கொண்டது. 1952இல் வாஷிங்டனில் இருந்த அயர்லாந்துத் தூதர் ஒரு சின்னப் பெட்டி ஷாம்ராக்கை அமெரிக்க அதிபர் ட்ரூமனுக்கு அனுப்பினார். அவர் ஊரில் கூட இல்லை. ஆனால் அந்த வழக்கம் வளர்ந்து, இப்போது பிரதமரே கண்ணாடிக் கிண்ணத்தில் ஷாம்ராக் வைத்து வெள்ளை மாளிகையில் கொடுக்கிறார். ஐம்பது லட்சம் சொச்சம் மக்கள் உள்ள நாட்டுக்கு அந்தக் கதவு ஒவ்வொரு வருடமும் திறக்கிறது. அந்த வாரம் மற்ற அமைச்சர்களும் ஆளுக்கொரு நாட்டுக்குக் கிளம்பிவிடுவார்கள். ஏற்றுமதியைப் பார்த்துக்கொள்ளும் எண்டர்பிரைஸ் அயர்லாந்து, உணவுப் பொருளுக்கு போர்ட் பியா, சுற்றுலா, முதலீடு என்று எல்லா ஆட்களும் கூடவே வேலை பார்ப்பார்கள். 2010இல் சிட்னி ஓபரா ஹவுஸில் பச்சை விளக்குப் போட்டதும் சுற்றுலாவுக்காகத்தான்.

அதனால் போங்கள். ஆனால் விருந்தில் விலை பேசாதீர்கள். அது முகம் பார்த்துக்கொள்ளும் இடம். கார்டு கொடுங்கள், மறுநாள் காலையில் நேரம் கேளுங்கள். கையில் 925 வெள்ளியில், அதாவது ஆயிரத்தில் 925 பங்கு சுத்த வெள்ளியில், ஒரு ஜோடிக் கொலுசு இருக்கட்டும், சுத்தத்துக்கு நம்ம ஊரில் சொல்லும் டச் கணக்கு இங்கே எடுபடாது. டப்ளினில் 1637லிருந்தே ஹால்மார்க் முத்திரை போடுகிறார்கள், முதலில் அதைத்தான் கேட்பார்கள்.

ஏற்காடு மிளகு:

தங்கச்சி சொல்வது சரி, ஆனால் நான் கொஞ்சம் கசப்பாகச் சொல்கிறேன். இந்த மாதிரி வெளிநாட்டு விருந்து ஒன்றில் என் காப்பிக்கொட்டையை மேசையில் பரப்பி வைத்திருந்தேன். எல்லோரும் மோந்து பார்த்தார்கள், படம் எடுத்தார்கள். ஒரு கிலோ கூடப் போகவில்லை. பாட்டும் ஆட்டமும் அவர்களுக்கு, செலவு நமக்கு.

நம் கோடை விழாவுக்கு மே மாதம் மலையேறி வருகிற கூட்டத்திடம் இதைவிட அதிகம் விற்கிறேன். அந்த நாலு இலைப் பின்னை என்னிடம் தள்ளுங்கள், அதிர்ஷ்டம் என்று சொல்லி விற்றுக் காட்டுகிறேன்.

ஓய்வு ஆசிரியர், அஸ்தம்பட்டி:

தம்பி, பேச்சை எப்படித் தொடங்குவது என்று யோசிக்காதீர்கள். சென்னை மெரினாவில் சிலையாக நிற்கும் கால்டுவெல் 1814இல் ஆண்ட்ரிம் மாவட்டத்தில் பிறந்தவர். பெற்றோர் ஸ்காட்லாந்துக்காரர்கள், அந்த ஊரும் இப்போது வட அயர்லாந்தில், அதாவது பிரிட்டனில் இருக்கிறது. ஆகவே "உங்கள் நாட்டுக்காரர்" என்று ஒரே போடாகப் போட்டுவிடாதீர்கள். "உங்கள் தீவில் பிறந்தவர் எங்கள் மொழியைப் பற்றி எழுதினார்" என்றால் போதும், மீதியை அவர்களே பேசுவார்கள்.

கொலுசுப் பட்டறை, சிவதாபுரம்:

எல்லோருக்கும் நன்றி. கால்வே தங்கச்சி பதிலைப் பட்டறையில் சத்தமாகப் படித்தேன். முப்பது வருடமாக எங்களிடம் இருக்கும் பெரியவர் எழுந்து போய், தண்ணீர்த் தொட்டி ஓரத்திலிருந்து புளியாரை ஒரு கொத்துப் பிடுங்கி வந்து மேசையில் போட்டார். "இதுதானே? முதலிலேயே என்னைக் கேட்டிருக்கலாமே." அதையே வைத்து மூன்று இலைக்கு அச்சு வெட்டியாயிற்று. படம் அனுப்பினேன், சரி என்றுவிட்டார்கள்.

16ஆம் தேதி ராத்திரி பெங்களூர் கிளம்புகிறேன். 925இல் இரண்டு ஜோடிக் கொலுசு, ஒன்று சலங்கை வைத்தது, ஒன்று வைக்காதது. வேட்டியா, பேண்ட்டா என்று வீட்டில் இன்னும் முடிவாகவில்லை.

ஏற்காட்டு அண்ணா, அந்த 12 பின்னும் நேற்றே உருக்கியாயிற்று. ஒரு நாள் முன்னால் சொல்லியிருக்கக் கூடாதா?