ராணிக்கெட் வைரஸ் தடுப்பு மருந்தினதா, வெளியிலிருந்து வந்ததா? உதவி தேவை

வணக்கம். நீர்வேலியில் எங்கள் வளவில் வளரும் கோழிகளுக்கு, ராணிக்கெட் என்ற வைரஸ் நோய் வராமலிருக்கக் குடிநீரில் லசோட்டா தடுப்பு மருந்து (வீரியம் குறைந்த உயிருள்ள வைரஸ்) கொடுத்த 12ஆம் நாள், சில கோழிகள் பச்சையாகக் கழியத் தொடங்கின. ஒரு பேடு கழுத்து முறுகி, தண்ணீர்ச் சட்டிக்குப் பக்கத்தில் நின்றும் அலகை நீரில் வைக்க முடியாமல் வெறும் நிலத்தையே கொத்திக்கொண்டிருந்தது. இரண்டு நாளில் அது இறந்துவிட்டது.

தொண்டையிலிருந்து எடுத்த மாதிரியில் செய்த பி.சி.ஆர். சோதனை, வைரஸ் உண்டு என்று மட்டுமே சொல்கிறது. வைரஸின் ‘எம்’ (M) என்ற மரபணுவைத் தேடும் அச்சோதனை தடுப்பு மருந்தின் உயிருள்ள வைரஸையும் வீரியமான வைரஸையும் பிரித்துக் காட்டாது என்பதாலும், குருதியில் செய்யும் எச்.ஐ. சோதனை எதிர்ப்பொருளின் அளவை மட்டுமே கூறும் என்பதாலும், ‘எஃப்’ (F) மரபணுவில் பிளவிடத்தை (அம்மரபணு தரும் புரதம் வெட்டப்படும் இடத்தை) வரிசைப்படுத்திப் பார்ப்பதே சரியான வழி என்று விளங்கிக்கொண்டேன். அப்புரதத்தின் அமினோ அமில வரிசையில் 117ஆம் இடத்தில் பீனைல்அலனினும், 113 முதல் 116 வரை குறைந்தது மூன்று ஆர்ஜினின் அல்லது லைசினும் இருந்தால் அது வீரியமானது. லசோட்டாவில் 117ஆம் இடத்தில் இருப்பது லியூசின். ஒருநாள் குஞ்சுகளின் மூளையில் அந்த வைரஸை ஊசியேற்றி, நோயின் கடுமையைக் காட்டும் சுட்டெண் 0.7 அல்லது அதற்கு மேல் வருகிறதா என்று பார்க்கும் முறையும் உண்டு. குஞ்சுகளை அப்படி வதைக்க எனக்கு மனமில்லை.

இந்த வரிசைப்படுத்தலை இலங்கையில் எங்கே செய்விக்கலாம்? யாழ்ப்பாணத்திலிருந்து பனிக்கட்டியில் வைத்து அனுப்புவதா, எஃப்.டி.ஏ. (FTA) அட்டையில் (மாதிரியின் மரபணுப் பொருளைக் காக்கும் வடிதாளில்) உலர்த்தி அனுப்பினாலே போதுமா? இறந்த பேட்டின் மூளைத் திசுவையும் குளிரில் வைத்திருக்கிறேன். அது தொண்டை மாதிரியைவிட உதவுமா? அயல் வீடுகளிலும் கோழிகள் நிற்பதால், அனுபவமுள்ள கால்நடை வைத்தியர்களும் ஆய்வுகூடத்தினரும் விரைவாகப் பதிலளித்தால் மிக்க நன்றியுடையவனாவேன்.