புதுப்பிப்பு: அப்பாவின் தடுமாற்றமும் ஸ்கேன் காட்டியதும்

ராமேசுவரத்துக்கு அருகே மண்டபம் ஊரில் ஐம்பது ஆண்டுகள் கடலுக்குப் போய்வந்த என் அப்பா, மீன் விற்ற கணக்கில் தடுமாறுவதையும் அவர் நடை தளர்ந்திருப்பதையும் சொல்லி, இது அல்சைமர் என்னும் மறதிநோயாக இருக்குமோ என்று சென்ற மாதம் கேட்டிருந்தேன். எம்.ஆர்.ஐ. எடுத்தாயிற்று. மூளையின் ஆழத்தில், நரம்பிழைகள் ஓடும் வெண்பொருளில், வெள்ளைத் திட்டுகளும் 15 மில்லிமீட்டருக்கும் சிறிய இரண்டு பழைய அடைப்புத் தழும்புகளும் தெரிகின்றன. நுண்ரத்தக்குழாய்கள் பழுதுபட்டதன் அடையாளம் இது என்றார் நரம்பியல் மருத்துவர்.

பல ஆண்டுகள் கவனிக்காமல் விட்ட ரத்த அழுத்தம் அக்குழாய்களின் சுவரைத் தடிக்கவும் விறைக்கவும் செய்ய, மூளையின் முன்பகுதியை மற்றப் பகுதிகளோடு இணைக்கும் இழைகள் ரத்தம் போதாமல் நலிகின்றன. ஆகவே நினைவுக்கு முன்பே யோசிக்கும் வேகமும் திட்டமிடும் திறனும் அடிபடுகின்றன. நினைவைச் சோதிக்க மருத்துவர் சொன்ன ஐந்து சொற்களில் அப்பாவுக்குச் சற்று நேரம் கழித்து இரண்டே வந்தன. “ஒன்று மீன்” என்று குறிப்புக் கொடுத்ததும் “சீலா” என்றார். மற்றவையும் அவ்வாறே வந்தன. அல்சைமரில் குறிப்பு இவ்வளவு உதவுவதில்லை. இந்தக் குழாய்ப் பழுதும் அல்சைமரும் சேர்ந்திருப்பதும் முதுமையில் சகஜம் என்பதால், நான் முழுதாக நிம்மதி அடைந்துவிடவில்லை.

இழந்ததை மருந்தால் மீட்க இயலாது. ஆயினும் ரத்த அழுத்தத்தைக் குறைப்பது மூளைக்கு உதவுமா என்று பார்த்து 2019இல் வெளியான ஸ்பிரிண்ட் மைண்ட் ஆய்வில், மேல் ரத்த அழுத்தத்துக்கு 140க்குப் பதிலாக 120க்குக் கீழ் என்ற இலக்கு வைத்துச் சிகிச்சை பெற்றவர்களுக்கு லேசான அறிதிறன் குறைபாடு (நினைவும் யோசனையும் வயதுக்கு மீறிச் சற்றுத் தளரும் நிலை) குறைவாகவே ஏற்பட்டது. அப்பாவுக்குத் தலைச்சுற்றல் இருப்பதால் மருத்துவர் படிப்படியாகவே மாத்திரையைக் கூட்டுகிறார். கருவாட்டைக் குறைப்பதில்தான் வீட்டில் இன்னும் உடன்பாடு வரவில்லை.