நவம்பர் மழையில் சிங்கப்பூர்ப் பூமலை: முழங்கால் வலியுள்ள அம்மா, 5 வயதுப் பிள்ளையோடு போவது எப்படி?

திருச்சிப் பயணி:
நவம்பர் கடைசி வாரம் சிங்கப்பூர் வருகிறோம். பூமலை (பொட்டானிக் கார்டன்ஸ்), கரையோரப் பூந்தோட்டம் (கார்டன்ஸ் பை தி பே) இரண்டுக்கும் சேர்த்து ஒரே நாள்தான் ஒதுக்க முடியும், அநேகமாகத் திங்கட்கிழமை. அம்மாவுக்கு 70 வயது, முழங்கால் வலி. பிள்ளைக்கு 5 வயது. எதை முதலில் பார்ப்பது, எந்த வாசல், மழை பிடித்துக்கொண்டால் எங்கே ஒதுங்குவது? குடையா, மழைக்கோட்டா?

புக்கித் தீமாவாசி:
காலையில் பூமலை, மதியத்துக்கு மேல் கரையோரப் பூந்தோட்டம். மாற்றிப் போடாதீர்கள். நவம்பரில் இங்கே மழை பெரும்பாலும் பிற்பகலில்தான் இடியோடு இறங்கும். தரை சூடேறி மேகம் திரள அவ்வளவு நேரம் ஆகிறது. பூமலை திறந்தவெளி, கரையோரத்தில் தலைக்கு மேலே கண்ணாடிக் கூரை இருக்கிறது.

சுமத்ரா பக்கமிருந்து வரும் சூறைக்காற்று மழைக்கு மட்டும் இந்தக் கணக்கு பொருந்தாது. அது விடியற்காலையிலோ காலையிலோ மேற்கிலிருந்து வரும், ஒன்றிரண்டு மணி நேரம் அடித்துவிட்டு ஓயும். வானிலை ஆய்வு நிலையத்தின் மழை ரேடார் படத்தில் வடக்கு தெற்காக நீண்ட பட்டை ஒன்று தீவை நோக்கி நகர்ந்தால் அதுதான். அன்றைக்குக் காலைப் பசியாறலை நிதானமாக முடித்துவிட்டுக் கிளம்புங்கள்.

வாசல் விஷயத்தில்தான் பலர் சறுக்குகிறார்கள். பூமலை வடக்கு தெற்காக ஏறத்தாழ 2.5 கிலோமீட்டர் நீளம், 82 ஹெக்டேர். தெற்கே டாங்ளின் வாசலுக்கு நேப்பியர் எம்ஆர்டி (மெட்ரோ ரயில்) நிலையம், வடக்கே புக்கித் தீமா வாசலுக்கு பொட்டானிக் கார்டன்ஸ் எம்ஆர்டி. ஆர்க்கிட் தோட்டமோ நடுவில் இருக்கிறது. எந்த நிலையத்தில் இறங்கினாலும் அம்மாவுக்கு அங்கே போய்ச் சேர்வதற்குள் கால் ஓய்ந்துவிடும். டாக்ஸி பிடித்து நஸ்ஸிம் வாசலின் வருகையாளர் நிலையத்தில் இறங்குங்கள். சாப்பாடு, கழிப்பறை, கூரை எல்லாம் அங்கேயே உண்டு.

தோட்டம் காலை 5 மணி முதல் நள்ளிரவு வரை, இலவசம். தேசிய ஆர்க்கிட் தோட்டத்துக்கு மட்டும் டிக்கெட்: வெளிநாட்டுப் பெரியவர்களுக்கு 15 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), 12 வயதுக்குக் கீழே இலவசம், முதியோருக்குச் சலுகை. 8:30க்குத் திறக்கும்போதே உள்ளே போய்விடுங்கள். பாதைகள் மேடும் சரிவுமாக இருக்கும். அங்கேயே பனிமூட்ட இல்லமும் குளிரில்லமும் இருப்பதால் தூறல் வந்தால் அவற்றுக்குள் புகுந்துகொள்ளலாம்.

மரவைத்தியன்:
மேலே சொன்ன வரிசை சரி. ஆனால் மழையைவிட மின்னலுக்குத்தான் அஞ்ச வேண்டும். புல்வெளி நடுவே நிற்கும் பேண்ட்ஸ்டாண்ட், அன்னக்குளத்துக் கரையின் கெஸீபோ இரண்டும் பார்க்க ஒதுங்கும் இடம் போலத் தோன்றும். நான்கு பக்கமும் திறந்த கூரை மின்னலுக்கு உதவாது. சுவருள்ள கட்டடம், எம்ஆர்டி நிலையம், மூடிய கார், இவைதான் பாதுகாப்பு. மின்னல் தெரிந்து இடி கேட்பதற்குள் எத்தனை விநாடி என்று எண்ணி மூன்றால் வகுத்தால் எத்தனை கிலோமீட்டர் தொலைவில் விழுந்தது என்று தெரியும். ஆனால் எண்ணிக்கொண்டு வெளியே நிற்காதீர்கள். இடி காதில் விழுந்தாலே எட்டும் தூரம்தான். கடைசி இடிக்குப் பிறகு 30 நிமிடம் உள்ளேயே இருங்கள். மைஎன்வ் செயலியில் வட்டாரவாரியாக மழை, மின்னல் எச்சரிக்கை வரும்.

பெரிய மரத்தடியும் வேண்டாம். 2017 பிப்ரவரியில் இதே பூமலையில் 40 மீட்டர் உயரத் தெம்புசு மரம் ஒன்று சாய்ந்து, இந்தியப் பெண் ஒருவர் இறந்தார். மழை குடித்த கிளை கனக்கும், ஊறிய மண் வேரை இளக்கும், காற்று சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். மழை விட்ட பிறகும் கிளை முறியும். கயிறு கட்டித் தடுத்த இடத்தில் படமெடுக்க நுழையாதீர்கள்.

குடையே போதும். இந்தப் புழுக்கத்தில் மழைக்கோட்டுப் போட்டால் வெளியே நனையாமல் உள்ளே வியர்வையில் நனைவீர்கள். பிள்ளைக்கு மட்டும் மெல்லிய மழைக்கோட்டு நல்லது, கை இரண்டும் சும்மா இருக்கும். தேய்ந்த ரப்பர் செருப்பு வேண்டாம். ஈரமான பலகைப் பாதை வழுக்கும். டெங்கி பரப்பும் கொசு பகலில் கடிப்பது, கணுக்காலில் மருந்து தடவிக்கொள்ளுங்கள்.

குடைக்காரி:
எனக்கு ஒரு மாற்றுக் கருத்து. இடியில்லாத சாதாரண மழைக்குப் பயந்து பூமலையை விட்டுவிடாதீர்கள். இஞ்சித் தோட்டமும் 6 ஹெக்டேர் மழைக்காடும் வெயிலில் பார்ப்பதைவிட மழை ஓய்ந்த அரை மணியில் பார்க்கத்தான் நன்றாயிருக்கும். கூட்டமும் கலைந்திருக்கும்.

கரையோரத்தில் கவனிக்க வேண்டியது குளிர். மலர்க் குவிமாடம் என்ற கண்ணாடிக் கூடத்துக்குள் 23 முதல் 25 டிகிரிதான். நனைந்த சட்டையோடு போனால் அம்மா நடுங்கிவிடுவார். ஒரு சால்வை, பிள்ளைக்கு மாற்றுடை, நெகிழிப் பைக்குள் காலுறை. மேகக்காடு என்ற இன்னொரு குவிமாடத்தில் 35 மீட்டர் அருவியைப் பார்த்ததும் நடக்கத் தொடங்காமல், முதலில் லிஃப்டில் உச்சிக்குப் போய் அங்கிருந்து இறங்கி வாருங்கள். அம்மாவுக்கு இறக்கமும் முழங்காலைப் பிடித்தால் அதே லிஃப்டில் திரும்பிவிடலாம். வெளியே வந்ததும் கேமராவைப் பைக்குள்ளேயே சிறிது நேரம் வையுங்கள். குளிர்ந்த லென்ஸில் வெளிக்காற்றின் ஈரம் படிந்து மங்கிவிடும், துடைக்கத் துடைக்கத் திரும்ப வரும்.

பேஃபிரண்ட் நிலையத்திலிருந்து குவிமாடங்களுக்கு நடை கொஞ்சம் அதிகம், வழியில் மழை மறைப்பில்லாத பகுதியும் உண்டு. கட்டண வண்டி ஓடுகிறது, அதில் ஏறிவிடுங்கள். பெருமரங்கள் என்ற மரவடிவக் கோபுரங்களுக்கு நடுவே உள்ள வான்பாதையை மழையில் மூடிவிடுவார்கள், அதனால் அந்த டிக்கெட்டை முன்கூட்டியே வாங்காதீர்கள். இரவு 7:45, 8:45க்கு அங்கே நடக்கும் ஒளிக்காட்சி இலவசம்.

திருச்சிப் பயணி:
நன்றி. பிள்ளைக்காகப் பூமலையில் உள்ள ஜேக்கப் பாலஸ் சிறுவர் தோட்டத்தையும் சேர்க்கலாமா?

புக்கித் தீமாவாசி:
திங்கட்கிழமை அது மூடியிருக்கும், பொது விடுமுறை நாள் தவிர. கரையோரத்தில் உள்ள சிறுவர் தோட்டத்துக்கும் திங்கள்தான் விடுமுறை. முடிந்தால் செவ்வாய்க்கு மாற்றுங்கள். குவிமாடங்கள் பராமரிப்புக்காக மாதத்தில் ஒரு நாள் மூடுவார்கள், இணையத்தளத்தில் தேதியைப் பார்த்த பிறகு டிக்கெட் எடுங்கள். செவ்வாய் என்றால் ஆர்க்கிட் தோட்டம் முடித்து, டாக்ஸியில் புக்கித் தீமா வாசல் பக்கம் வந்துவிடுங்கள், சிறுவர் தோட்டம் அந்தக் கோடியில் இருக்கிறது. நுழைவு இலவசம், தண்ணீர் விளையாட்டு இருப்பதால் மாற்றுடை இரண்டாக வையுங்கள். பிள்ளை இல்லாமல் பெரியவர்கள் மட்டும் போனால் உள்ளே விடமாட்டார்கள்.